கரையில் நிற்பவளின் பங்கு

என் கணவருக்கு எதையும் போனில் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரப்போகிற அம்மாளுக்கு மாதம் எவ்வளவு கொடுப்பது என்று நாங்கள் பேச ஆரம்பித்து மூன்று நாள் ஆகிறது. மூன்று நாளும் எங்கள் குடியிருப்புக்காரர்களின் குழுவில் வந்த பதில்களை எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு வீட்டில் இவ்வளவு, இன்னொரு வீட்டில் அதைவிட ஐந்நூறு குறைவு, ஆனால் அங்கே துணி துவைப்பது கிடையாது. வெண்டைக்காய்க்கு விலை விசாரிப்பது போலத்தான் இருக்கிறது. அந்த அம்மாளோ, "நீங்க பாத்து செய்யுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் போய்விட்டார். அப்படிச் சொல்லிவிட்டால் நாம் என்ன செய்வது? குறைத்துக் கொடுத்தாலும் உறுத்தும், கூட்டிக் கொடுத்தாலும் ஏமாந்தோமோ என்று இருக்கும்.

கடைசியில் பொறுக்க முடியாமல் அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா யோசிக்கவே இல்லை. உன் தம்பியைப் பார்த்துக்கொண்ட கடப்புறத்து சேச்சிக்குக் கொடுத்த கணக்கிலேயே கொடு என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பழைய கோபமும் வந்தது. என் மானம் முதன்முதலில் கப்பலேறியது அந்தக் கணக்கில்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. கேரளத்தின் தென்கோடியில், கொல்லயிலில் இருந்தோம். அப்பாவுக்குப் பாறசாலையில் மின்சார சாமான்கள் விற்கிற சின்னக் கடை. அம்மா நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை பார்த்தாள். தம்பி பிறந்து எட்டு மாதம். அம்மா நீட்டி வாங்கியிருந்த லீவு முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அதற்குள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு. ரெண்டு வருஷம் வீட்டில் இருந்தால்தான் என்ன என்று அப்பா நல்லபடியாகவே சொல்லிப் பார்த்தார். அம்மா தன் வெள்ளைக் கோட்டை எடுத்து இஸ்திரி போட்டாள். லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போதே போட்டாள்.

ஆளைக் கொண்டுவந்தது அத்தை. அப்பாவின் மூத்த அக்காள். எங்கள் தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் வீடு. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அத்தைக்குத் தெரியாமல் நடக்காது. தெரிந்தால் சும்மாவும் இருக்க மாட்டாள். அத்தைக்குப் பல வருஷமாக மீன் கொண்டுவந்து கொடுத்தவள் அந்த சேச்சி. பூவாருக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரி. வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். புருஷன் அடுத்தவர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். சேச்சி அலுமினியச் சருவத்தில் மீனை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு திருப்புறம் வழியாக ஊர் ஊராக நடந்து விற்றவள். கால் முட்டு தேய்ந்துபோய், இனித் தலையில் பாரம் ஏற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் கடற்கரையைக் கடப்புறம் என்பார்கள், அக்காளைச் சேச்சி என்பார்கள். அதனால் வந்த நாள் முதல் எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் கடப்புறத்து சேச்சி. சொந்தப் பெயரை ஒருவரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சம்பளம் பேசினார்கள். அப்பா கடைக்காரர் அல்லவா, பேரத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஆயிரத்தில் ஆரம்பித்து ஆயிரத்தைந்நூறு வரைக்கும் போகலாம் என்பது அவர் கணக்கு. அதைக் காலையிலேயே அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தார். எவ்வளவு வேண்டும் என்று சேச்சியையே கேட்டார். முதலில் வாய் திறப்பவர்தான் பேரத்தில் தோற்பார் என்பது அவருடைய பெரிய கண்டுபிடிப்பு.

சேச்சி வாய் திறந்தாள். ஆனால் அப்பா எதிர்பார்த்தது அதிலிருந்து வரவில்லை.

"மாசச் சம்பளம் எனக்குப் பழக்கம் இல்ல சாறே. எங்களுக்குப் பங்காக்கும்."

அப்பாவுக்குப் புரியவில்லை. சேச்சி மேஜையில் இருந்த நாலு கண்ணாடி தம்ளரை வரிசையாக வைத்தாள். வள்ளம் கரைக்கு வந்ததும் மீனைக் கொட்டிப் பங்கு பிரிப்பார்களாம். உண்மையில் இன்னும் பல கூறாகப் போகும், உங்களுக்கு விளங்கட்டும் என்று நாலாகச் சொல்கிறேன் என்றாள். ஒரு தம்ளர் வள்ளத்துக்கு. ஒன்று வலைக்கு. ஒன்று கடலுக்குப் போகிறவனுக்கு. நாலாவது தம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அது கரையில் நிற்கிறவனுக்கு. வள்ளத்தைத் தள்ளிவிடவும் இழுத்துப்போடவும் வலையைப் பிரிக்கவும் அவன் வேண்டும். கரையில் ஆளில்லாமல் வள்ளம் இறங்காது.

"இங்க கடலுக்குப் போறது மோளு," என்று அம்மாவைக் காட்டினாள். "வள்ளம்னா இந்த வீடு. வலைன்னா மோளு படிச்ச படிப்பு. கரையில நிக்கது நான். நாலுல ஒண்ணு எனக்கு."

அப்பா ஒரு நிமிஷம் தம்ளர்களைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மாவுக்குச் சம்பளம் வெட்டினால்? எனக்கும் வெட்டு. ஒரு மாசம் சம்பளமே வராவிட்டால்? பிள்ளையைப் பார்ப்பேன், பைசா வேண்டாம். கூடினால்? எனக்கும் கூடும். அப்பா மனசுக்குள் வகுத்துப் பார்த்தது அவர் உதடு அசைந்ததிலேயே தெரிந்தது. அம்மாவுக்குச் சம்பளம் ஆறாயிரம். நாலில் ஒன்று ஆயிரத்தைந்நூறு. அவர் நினைத்துவைத்திருந்த அதே ஆயிரத்தைந்நூறு! நஷ்டம் வந்தால் சேர்ந்து தாங்குகிற வேலையாளை எந்தக் கடைக்காரர் விடுவார்? அப்பாவுக்கு அந்தப் பங்கு முறை மேல் காதலே வந்துவிட்டது.

பெண்கள் இரண்டு பேருக்கும்தான் பிடிக்கவில்லை. பங்கும் கிங்கும் வேண்டாம், ஆயிரத்தைந்நூறு என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிடு என்று அத்தை அப்பாவிடம் சண்டைக்கே போனாள். சம்பளமாகவே இருக்கட்டுமே என்று அம்மாவும் மெல்லச் சொன்னாள். அவர்கள் ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. தொகை இரண்டும் ஒன்றுதானே? அப்பா கேட்கவில்லை. பங்குதான் என்று முடித்துவிட்டார்.

சேச்சி எழுந்திருப்பதற்கு முன் ஒன்று சொன்னாள். "பிடிச்ச மீன் முழுசையும் கரையில கொட்டித்தான் பங்கு வைக்கணும் சாறே. ஒளிச்சு வச்சிட்டுப் பங்கு வைக்கப்பிடாது. எங்க ஊருல அதைவிடப் பெரிய பாவம் கிடையாது."

இங்கே யார் ஒளிக்கப் போகிறார்கள் என்று அப்பா சிரித்தார். அம்மா தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சேச்சி காலையில் ஏழு மணி பஸ்ஸில் வந்துவிடுவாள். அம்மா பஸ்ஸுக்கு ஓடும்போது தம்பி அழாமல் இருப்பதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. அம்மா போவதை மறைக்க மாட்டாள். எல்லா வீட்டிலும் பிள்ளையை வேறு பக்கம் காட்டிக்கொண்டு தாயை அனுப்புவார்கள். இவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் வருவாள். போகிறவள் போவதை அவன் பார்க்கட்டும், அப்போதுதான் வருகிறவள் வருவாள் என்று தெரியும் என்பாள். கடலுக்குப் போகிறவர்களை அப்படித்தான் அனுப்புவார்களாம். முதல் வாரம் தம்பி ஊரையே கூட்டினான். இரண்டாவது வாரம் கையாட்டப் பழகிக்கொண்டான். அம்மாவும் பஸ்ஸில் அழுவதை நிறுத்தினாள். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அதே பஸ்ஸில்தான் போவேன். நெய்யாற்றின்கரையில் அம்மாவின் மருத்துவமனைக்குப் பக்கத்தில்தான் என் பள்ளிக்கூடம்.

சம்பள நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள். அன்றைக்குச் சாயங்காலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாயாக்கடையில் அம்மா எனக்குப் பழம்பொரி வாங்கித் தருவாள். ஏத்தன் பழத்தை நீளமாக அரிந்து, மாவில் முக்கி, எண்ணெயில் பொரித்தது. நான் ஊதி ஊதித் தின்றுகொண்டிருக்கும்போது அம்மா மூலை பெஞ்சில் உட்கார்ந்து சம்பளக் கவரைப் பிரித்து எண்ணுவாள். பதினாறு ஐந்நூறு ரூபாய் நோட்டு. அதில் நாலு நோட்டை எடுத்து ஒரு காகிதத்தில் மடித்துக் காலியான சோற்றுப் பாத்திரத்துக்குள் வைத்து மூடுவாள். பன்னிரண்டு நோட்டு கவரிலேயே இருக்கும். பிறகு என் வாயைத் துடைத்துவிட்டு, "அப்பாட்ட சொல்லாண்டாம் மக்கா," என்பாள்.

நான் பழம்பொரியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கடைப் பலகாரம் தின்பது அப்பாவுக்குப் பிடிக்காது. சத்தியமாக, பழம்பொரியைப் பற்றி அப்பாவிடம் ஒரு நாளும் நான் மூச்சு விட்டதில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி வருகிற வழியில் அம்மா அந்தச் சோற்றுப் பாத்திரத்தை அத்தை வீட்டில் கொடுப்பாள். மறுநாள் அது நிறைய மாங்காய் ஊறுகாயோடு திரும்பி வரும். ஊறுகாய்க்கு நாலு நோட்டா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அத்தை எதையும் சும்மா தருகிற ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த வயதில் உலகத்தில் நடப்பதெல்லாம் எனக்குத் தின்பண்டமாகத்தான் தெரிந்தது.

வீட்டில் அப்பா காத்திருப்பார். கவரை வாங்கி, மேஜைமேல் நோட்டுகளை நாலு கூறாக அடுக்குவார். மூன்று, மூன்று, மூன்று, மூன்று. வள்ளம், வலை, கடல், கரை என்று ஒவ்வொரு கூறையும் தொட்டுச் சொல்லி, நாலாவது கூறை சேச்சி கையில் கொடுப்பார். இத்தனை பவிசாக அவர் தன் கடையில்கூட வியாபாரம் பண்ணியதில்லை. சேச்சி நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவாள். அந்த நேரம் அம்மா அடுப்பங்கரையில் ஏதாவது வேலையாக இருப்பாள்.

பெரிய லீவு வந்தது. பகலெல்லாம் நான் சேச்சியோடும் தம்பியோடும் வீட்டில். சக்கைக் காலம், அதாவது பலாப்பழக் காலம். வீடு முழுக்கச் சக்கைப்பழ வாசனை. சேச்சி சக்கக்குருவை, அந்தப் பலாக்கொட்டையை, வெயிலில் காயவைத்துத் தோல் உரிப்பாள். நான் அதை வைத்துப் பங்கு விளையாடுவேன். அந்த வருஷம் கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்து எவர்சில்வர் டப்பா ஒன்று பரிசு வாங்கியிருந்தேன். அந்தத் திமிர் வேறு. ஒரு நாள் பதினாறு சக்கக்குருவை எண்ணி எடுத்து, இது அம்மா சம்பளம் என்று சேச்சி முன்னால் வைத்தேன்.

பன்னிரண்டுதானே என்றாள் சேச்சி.

இல்லை, கடையில் எண்ணும்போது பதினாறு என்றேன். நாலு ஊறுகாய்க்குப் போய்விடும், அதற்குப் பிறகுதான் பன்னிரண்டு. ஆனால் பங்கை ஊறுகாய்க்கு முன்னால் அல்லவா வைக்க வேண்டும்? பதினாறில் நாலில் ஒன்று நாலு. அப்பா மூன்று தருகிறார். அப்பா கணக்குத் தப்பு.

சேச்சி தோல் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஊறுகாயா என்று கேட்டாள். நான் சோற்றுப் பாத்திரத்தைப் பற்றி விவரமாகச் சொன்னேன். பழம்பொரியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சேச்சி கையில் இருந்த குருவை வைத்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு பதினாறு குருவையும் ஒரே வாரில் வாரிச் சட்டியில் போட்டாள்.

"உனக்குக் கணக்குத் தெரியல மக்கா," என்றாள். "பன்னிரண்டாக்கும்."

எனக்கு! எவர்சில்வர் டப்பா வாங்கிய எனக்கு! அழுகையாக வந்தது. சம்பள நாள் வரட்டும், எல்லார் முன்னாலும் கேட்கிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

அடுத்த சம்பள நாள் அந்த வாரமே வந்தது. அத்தை சக்கை அவியலைக் கொண்டுவந்துவிட்டு எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மாவும் அன்றைக்கு மேஜைக்குப் பக்கத்தில்தான் இருந்தாள், தம்பிக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டு. அப்பா நோட்டுகளை அடுக்கினார். வள்ளம், வலை, கடல், கரை. நாலாவது கூறை எடுத்து நீட்டினார். நான் எழுந்து நின்றேன்.

"அப்பா, பன்னிரண்டுல இல்ல. பதினாறுலயாக்கும் பங்கு வைக்கணும். சேச்சிக்கு ஒரு நோட்டு குறையுது."

அப்பாவின் கை நீட்டினபடியே நின்றது. அது என்ன பதினாறு என்று என்னைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, ஆவலாகத்தான் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மாதான் எண்ணினவள், அவள் சொல்லட்டுமே என்று. அம்மாவின் கையில் கரண்டி அப்படியே இருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மருத்துவமனையில் ஊசிக்குக் கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் பார்த்திருக்கிறேன்.

பேசியது சேச்சி. "அது சக்கக்குருக் கணக்காக்கும் சாறே. பகலெல்லாம் என்கூட பங்கு வச்சு வெளையாடுவா. பதினாறு குரு. அதையும் இதையும் ஒண்ணாக்கிப் போட்டா பிள்ளை." சொல்லிக்கொண்டே அப்பா கையிலிருந்த மூன்று நோட்டையும் வாங்கி, வழக்கம்போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முதலில் சிரித்தது அத்தை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கணக்கில் பரிசு வாங்கின பிள்ளையைப் பாரு, அம்மைக்குச் சம்பளம் சக்கக்குருவாம் என்றாள். அப்பாவும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. பெரியவர்கள் எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துத் தம்பியும் கைதட்டினான். இல்லை, நோட்டுதான், நோட்டுதான் என்று நான் கத்தினேன். கத்தக் கத்தச் சிரிப்பு கூடியதே தவிர ஒருவரும் கேட்கவில்லை.

அழுதுகொண்டே உள்ளே ஓடிப்போய் ஜன்னலில் நின்றேன். சேச்சி பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். அம்மா கூடவே கேட் வரைக்கும் போனாள். அங்கே இருவரும் நின்று பேசினார்கள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். என் மகளை இப்படி அவமானப்படுத்திவிட்டாயே என்று அம்மா எனக்காகச் சண்டை போடுகிறாள் என்று நினைத்தேன். மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அடுத்த சம்பள நாளில் தெரிந்தது. அம்மா சாயாக்கடையில் எனக்கு ஒரு பழம்பொரி வாங்கினாள். சேச்சிக்கு நாலு பழம்பொரி பொதிந்து வாங்கினாள். செய்தித்தாளில் பொதிந்து நூல் சுற்றிய பொதி. சேச்சியின் பையில் அதை வைக்கிற வேலையும் எனக்கே வந்தது. பிரிக்கக்கூடாது என்று கட்டளை வேறு. என்னைப் பொய்க்காரி ஆக்கினவளுக்கு நாலு, எனக்கு ஒன்று! பத்து நாள் சேச்சியிடம் பேசவில்லை. அவளும் கெஞ்சவில்லை. சுட்ட சக்கக்குருவை ஒரு கிண்ணத்தில் போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். நான் எண்ணிப் பார்த்துவிட்டுத் தின்பேன். பதினாறு இருக்கும்.

அந்தப் பொதி மாதம் தவறாமல் போயிற்று. தம்பி பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் சேச்சி எங்கள் வீட்டில் இருந்தாள். அம்மா ஒரு நாள்கூட வேலையை விடவில்லை. எனக்கு மட்டும் வீட்டில் ஒரு பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. நான் என்ஜினீயரிங்கில் நல்ல மார்க் வாங்கியபோதும் அப்பா, "சக்கக்குருக் கணக்கு பாஸாயிட்டு," என்றுதான் எல்லாருக்கும் போன் செய்தார்.

இதெல்லாம் முடிந்துபோன கதை என்றுதான் நினைத்திருந்தேன். போனில் அந்தக் கணக்கிலேயே கொடு என்று சொன்ன அம்மா, மறுநாள் பேரனைப் பார்க்க வந்தாள். அப்பா முன்னறையில் என் கணவரோடு பேசிக்கொண்டிருந்தார். அடுப்பங்கரையில் அம்மா உள்ளி உரித்துக்கொண்டே சொன்னாள். பன்னிரண்டில் நாலில் ஒன்று இல்லை, பதினாறில் நாலில் ஒன்று. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

நோட்டுதான். நான் சொன்னதுதான் சரி. தம்பி பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே அம்மாவுக்குச் சம்பளம் கூடியிருக்கிறது. அம்மா வீட்டில் சொல்லவில்லை. கூடிய நாலு நோட்டும் மாதா மாதம் சோற்றுப் பாத்திரத்தில் அத்தையிடம் போயிருக்கிறது. அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்து அத்தை சீட்டு நடத்தினாள். சொந்தத் தம்பிக்குத் தெரியாமல் தம்பி பெண்டாட்டியின் பணத்தை அதில் போட்டு வைத்தவள் அத்தைதான். எதற்காக என்று கேட்டேன். எதற்கென்று இல்லை, கேட்காமல் செலவழிக்கிற மாதிரிக் கொஞ்சம் இருக்கட்டும் என்று தோன்றியது என்றாள் அம்மா. ஆனால் அவள் செலவழிக்கவும் இல்லை. ஒரு மழைக்காலத்தில் அப்பாவின் கடையில் தண்ணீர் ஏறிச் சாமானெல்லாம் நாசமாகிப் போனபோது, அத்தை தன் பணம் போல அதிலிருந்து நாற்பதாயிரம் கொடுத்துத் தூக்கிவிட்டாள். கூடப்பிறந்தவள் கூடப்பிறந்தவள்தான் என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். கடனை அடைத்தபோது நன்றிக்கு ஒரு மிக்ஸியும் கொண்டுபோய்க் கொடுத்தார். பணத்தை அத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். மிக்ஸியை மட்டும் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குக் கேட்டில் சேச்சி என்ன சொன்னாள் என்று கேட்டேன். அம்மா உள்ளியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"உங்க வீட்டுக் காரியம் எனக்கு வேண்டாம் மோளே. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன். ஆனா என் பங்கு எனக்கு வேணும். ஒளிச்ச மீனுக்கும் பங்கு உண்டு."

ஏழு மாதத்துக்கு ஏழு நோட்டு பாக்கி. சேச்சி விட்டுக்கொடுக்கவில்லை. மாதப் பங்குக்கு ஒன்று, பாக்கிக்கு ஒன்று என்று மாதம் இரண்டு நோட்டு, ஏழு மாதம். அதற்குப் பிறகு மாதம் ஒன்று. எல்லாம் என் கையால்தான் போயிருக்கிறது, எண்ணெய் ஊறிய செய்தித்தாளுக்குள். அன்றைக்கு மேஜையில் சேச்சி உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த ஏழு நோட்டும் அப்போதே கிடைத்திருக்கும். அம்மா மறுநாள் வேலைக்குப் போயிருப்பாளா என்பதுதான் தெரியாது. அம்மாவும் அதைத்தான் சொன்னாள். அப்பா அடித்திருக்க மாட்டார், திட்டியிருக்கக்கூட மாட்டார், ஆனால் மறுமாதம் முதல் கவரைத் தானே வந்து வாங்கியிருப்பார் என்றாள்.

அன்று இரவே கணவரிடம் சொல்லிவிட்டேன். என் சம்பளத்தில் நாலில் ஒன்று. அவர் குழுவில் வந்த தொகையைவிட அது எவ்வளவோ கூடுதல். போனஸையும் சேர்த்தா என்று கேட்டார். ஒளித்த மீனுக்கும் பங்கு உண்டு என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. முன்னறையிலிருந்து அப்பாதான், "மாப்ளே, அவ சக்கக்குருக் கணக்கை நம்பி ஏமாந்திராதீங்க," என்று மருமகனுக்குப் புத்தி சொன்னார். அம்மா அடுப்பங்கரையில் குழாயைத் திறந்துவிட்டாள். இத்தனை வருஷம் சுமந்த பட்டப்பெயர், இனியும் இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்கு அந்த மேஜையைச் சுற்றித் தம்பியை விட்டால் ஐந்து பேர் இருந்தோம். அதில் கணக்குத் தெரியாதவர் ஒரே ஒருவர்தான். அது நான்தான் என்று முடிவாகிவிட்டதால், எவர்சில்வர் டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, விக்கி விக்கி அழுதபடியே தூங்கிப்போனேன்.